புயலில் விழுந்த பலாவும் தூங்குமூஞ்சியும்: பச்சைக் கட்டையைச் செதுக்குமரமாக்கிய ஒரு பட்டறையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா புயல் கரை கடந்தது. கடலோரத்தோடு நிற்காமல் உள்ளே புதுக்கோட்டை வரை வந்து சாய்த்துவிட்டுப் போனது. ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கம் வீட்டுக்கு வீடு நின்ற பலா மரங்கள் வேரோடு சாய்ந்தன. தென்னையை எண்ணி முடிப்பதற்கே ஆள் போதாத நேரத்தில், பலாவின் அடிமரம் பெரும்பாலும் விறகுக் கணக்கில்தான் சேர்ந்தது.

அப்படிச் சேரவிருந்த இரண்டு மரங்களை அந்தப் பகுதியிலேயே இருக்கும் மூன்று பேர் கொண்ட ஒரு மரச்சிற்பப் பட்டறை வாங்கியது. ஒன்று பலா, மற்றொன்று தூங்குமூஞ்சி. கூடவே ஒரு வேப்பங்கிளையும் வந்தது. பட்டறையில் மூத்த சிற்பி ஒருவர், அவரிடம் தொழில் கற்ற இளையவர் ஒருவர், உதவிக்கு ஒருவர். அதுவரை மரவாடியில் காய்ந்த பலகையாக வாங்கியே வேலை செய்தவர்கள். பச்சை மரத்தை அடியிலிருந்து முடிவுவரை தாங்களே கையாண்டது இதுவே முதல் தடவை. அந்தப் பதினைந்து மாதத்தில் சரியாகப் போனதும் கெட்டுப்போனதும் அவர்கள் நோட்டில் எழுதிவைத்த எடைக்கணக்கோடு இங்கே தரப்படுகின்றன.

விழுந்த மரத்தைப் பார்த்தபோது

பலா தோட்டக்காரரின் வீட்டுக்குப் பின்னால் கிடந்தது. அடிமரத்தின் சுற்றளவு 74 அங்குலம், கவை பிரியும் இடம் வரை 9 அடி. வாடியில் போடும் கால் சுற்றளவுக் கணக்குப்படி 21.4 கன அடி. தூங்குமூஞ்சி கிணற்றடியில் எட்டடி உயரத்தில் முறிந்திருந்தது. 88 அங்குலச் சுற்றளவு, 7 அடி நீளம், 23.5 கன அடி. இரண்டும் பட்டா நிலத்து மரங்கள். அதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதி வாங்கிய பிறகே வண்டி பேசினார்கள்.

இரண்டு மரமும் விழுந்த விதம் வேறு. அந்த வித்தியாசம் பின்னால் எல்லாவற்றையும் தீர்மானித்தது, ஆனால் அன்றைக்கு யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பலா வேர்ப்பிடியோடு சாய்ந்திருந்தது. பாதி வேர் இன்னும் மண்ணுக்குள். ஒன்பது நாள் கழித்தும் இலை பச்சையாக இருந்தது, பட்டையைக் கீறினால் பால் வடிந்தது. மரம் படுத்த நிலையிலும் உயிரோடுதான் இருந்தது என்று பொருள். அந்த நிலையில் அடிமரம் காயாது, வெடிக்காது, பூஞ்சையும் எளிதில் பிடிக்காது. தூங்குமூஞ்சி அப்படியில்லை. முறிந்த இடத்தில் நார் திறந்துகிடந்தது. முறிந்த நாளிலிருந்தே அதற்கு நாள் எண்ண வேண்டும்.

வீட்டு மரம் என்பதால் ஆணி இருக்குமா என்று தேடினார்கள். பலாவில் துணிக்கொடி கட்டிய இரண்டு ஆணிகள் பட்டைக்குள் புதைந்திருந்தன. ஆணியைச் சுற்றி மரத்தில் கருநீலக் கறை ஓரடி நீளத்துக்கு மேலும் கீழும் ஓடியிருக்கும். கறை வெளியே தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று கொள்ளலாம்.

மின்சாரம் வராத நாள்கள்

நவம்பர் 25 அன்று செயின் சா கொண்டுவந்து பலாவை 5 அடி, 4 அடி என இரண்டாகவும், தூங்குமூஞ்சியை ஒரே துண்டாகவும் அறுத்தார்கள். தோட்டக்காரர் வழியை ஒழித்துத் தரச் சொன்னதுதான் அவசரத்துக்குக் காரணம். ஆனால் மரம் அறுக்கும் மில்லில் மின்சாரம் இல்லை. டிசம்பர் 19 வரை கட்டைகள் பட்டறை முற்றத்தில் அறுத்த முனை திறந்தபடியே கிடந்தன. இடையில் சில நாள் மழை, சில நாள் சுள்ளென்ற வெயில்.

மரத்தின் ஈரம் நாரின் போக்கில்தான் வேகமாக வெளியேறும். பலகையின் பக்கவாட்டில் வெளியேறுவதைவிட முனை வழியாகப் பத்துப் பதினைந்து மடங்கு விரைவாக வெளியேறும். எனவே முனை ஒரு விரல் ஆழத்துக்குக் காய்ந்து சுருங்கப் பார்க்கும்போது, அதற்குப் பின்னால் இருக்கும் மரம் முழு ஈரத்தோடு ஊதியே இருக்கும். சுருங்க இடமில்லாத முனை வெடிக்கும். 24 நாளில் பலாவின் நான்கு முனையிலும் நடுமையத்திலிருந்து நட்சத்திரம்போல் வெடிப்பு ஓடி, சராசரி 4 அங்குல ஆழத்துக்குப் போயிருந்தது. மொத்தம் 16 அங்குலம். 108 அங்குலக் கட்டையில் ஏழில் ஒரு பங்கு ஒரு மெழுகுப் பூச்சு இல்லாததால் போனது.

தூங்குமூஞ்சியில் முனை வெடிப்பு ஒன்றிரண்டு அங்குலத்தோடு நின்றது. சுருக்கம் மிகக் குறைந்த மரம் அது. ஆனால் பட்டைக்கு அடியில் உள்ள வெள்ளைப் பகுதியில் குண்டூசித் துளைகள் விழுந்து, சுற்றிலும் சாம்பல்நீலம் பாய்ந்திருந்தது. பச்சை மரத்தைத் தேடிவரும் சிறுவண்டும் அதோடு வரும் பூஞ்சையும் செய்த வேலை. பட்டையை உரித்து, காற்றோட்டமான இடத்தில் தரையிலிருந்து தூக்கி வைத்திருந்தாலே இதில் பெரும்பகுதி தவிர்ந்திருக்கும்.

மில்லில் எடுத்த முடிவுகள்

டிசம்பர் 19 அன்று பட்டை ரம்பத்தில் ஏற்றுவதற்கு முன் மூத்த சிற்பி இரண்டு விஷயங்களில் பிடிவாதமாக இருந்தார்.

முதலாவது, நடுமையம் எந்தப் பலகையிலும் சேரக்கூடாது. மரம் காயும்போது வளையத்தின் போக்கில் சுருங்கும் அளவு, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்கும் அளவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சுற்றளவு அதிகமாகக் குறைந்து ஆரம் குறைவாகக் குறைந்தால் வட்டம் எங்காவது திறந்தே ஆக வேண்டும். மையத்தை உள்ளே வைத்த கட்டை வெடிக்குமா என்பது கேள்வியே இல்லை, எந்தப் பக்கம் வெடிக்கும் என்பதுதான் கேள்வி. எனவே 5 அடிக் கட்டையில் மையத்தைச் சுற்றி 3 அங்குலத்தைத் தனியே எடுத்து விறகில் போட்டார்கள். மையத்துக்கு இருபுறமும் 3 அங்குலக் கனத்தில் ஒவ்வொன்று, அதற்கு வெளியே ஒன்றரை அங்குலத்தில் ஆறு என மொத்தம் எட்டுத் துண்டுகள் கிடைத்தன. 4 அடிக் கட்டையை நடுமையத்தின் வழியே இரு பாதியாகப் பிளந்து, 18 அங்குல உயரத்தில் நான்கு அரைவட்டத் துண்டுகளாக்கினார்கள். அவை சிலைக்கு.

இரண்டாவது, தூங்குமூஞ்சியின் முறிந்த முனையை நம்பக்கூடாது. காற்றில் வளைந்து முறியும் மரத்தில், முறிந்த இடத்துக்குக் கீழேயும் நார் குறுக்காக நசுங்கியிருக்கும். கண்ணுக்கு எளிதில் தெரியாது. ரம்பம் பட்ட சொரசொரப்பில் தெரியவே தெரியாது. ஒரு சாண் அகலம் இழைப்புளி போட்டு, ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விட்டுப் பார்த்தால் நாருக்குக் குறுக்கே தலைமுடி கனத்தில் வெளிறிய சுருக்கம் ஓடுவது தெரியும், துணியில் விழுந்த மடிப்புபோல. முறிவிலிருந்து ஒன்றரை அடி வரை அப்படிப்பட்ட கோடுகள் தெரிந்தன. அந்த ஒன்றரை அடியை முழுவதுமாக வெட்டித் தள்ளினார்கள். மீதியை ஒன்றரை அங்குலக் கனத்தில் பத்துப் பலகைகளாக அறுத்தார்கள்.

அதையும் மீறி ஒரு கோடு தப்பியது. ஐந்து மாதம் கழித்து, அந்தப் பலகையில் கொடி வேலை செய்துகொண்டிருந்தபோது, விரல் கனத்துக்கு மெலிந்த கொடித்தண்டு உளி லேசாகப் பட்டதற்கே நாருக்குக் குறுக்காகக் கத்தரித்ததுபோல் விழுந்தது. மரம் காய்வதால் வரும் வெடிப்பு நாரோடு ஓடும். குறுக்கே உடைந்தால் அது புயல் செய்த காயம். எந்தப் பசையும் அதைச் சரிசெய்யாது.

பலாவின் பிசின் ரம்பப் பட்டையில் ஒட்டி அறுப்பை இழுத்தது. மில்லில் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்து ஓட்டினார்கள். ஈரத்தில் மஞ்சளாக இருக்கும் பலா வைரம், அதாவது உள்ளே முற்றிய மரம், வெளிச்சம் பட்டால் நாளடைவில் பழுப்பேறும் என்பதால், நிறம் பார்த்துப் பலகை சோடி சேர்ப்பதை அன்றே செய்யாமல் பின்னுக்குத் தள்ளினார்கள். அது நல்ல முடிவு.

முனை மெழுகும் வெண்காரக் கரைசலும்

அறுத்து இறக்கிய அன்று மாலையே முனைகளை அடைத்தார்கள். மெழுகுவர்த்திக்காரரிடம் வாங்கிய பாரஃபின் மெழுகை, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த தகர டின்னில் உருக்கி, முனையிலும் முனையிலிருந்து பக்கங்களில் ஓரங்குலம் வரையும் பூசினார்கள். மெழுகை நேரடி அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும், இதில் துணிச்சல் வேண்டாம். மெழுகு தீர்ந்துபோனதால் தூங்குமூஞ்சியின் நான்கு பலகைகளுக்கு மீதியிருந்த எனாமல் பெயிண்டை இரண்டு கோட்டாக அடித்தார்கள். பின்னால் ஒப்பிட்டபோது மெழுகிட்ட முனைகளில் புதிதாக ஒரு வெடிப்பும் இல்லை. பெயிண்ட் அடித்த நான்கில் மூன்றில் மயிரிழைக் கீறல் இருந்தது. ஈர மரத்தின்மேல் பெயிண்ட் பிடிப்பதில்லை, உரிந்து வழிவிடுகிறது.

அடுத்தது உளுவண்டு. வைரத்தை அது தொடுவது அபூர்வம். மாவுச்சத்து உள்ள வெள்ளைப் பகுதிதான் அதன் தீனி. இதற்கு வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசல் நம்பகமானது, மனிதருக்கு ஆபத்தும் குறைவு. 100 லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு 6 கிலோ வெண்காரம், 4 கிலோ போரிக் அமிலம். தனித்தனியாகப் போட்டால் சரியாகக் கரையாது. இரண்டையும் சேர்த்தால்தான் கரைதிறன் கூடும். மரம் ஈரமாக இருப்பது இங்கே குறையல்ல, தேவை. உப்பு மரத்துக்குள் இருக்கும் நீரின் வழியாகத்தான் உள்ளே ஊறும். கால் மணி நேரம் முக்கி எடுத்து, பாலித்தீன் விரிப்பில் நெருக்கமாக அடுக்கிச் சுற்றிக்கட்டி மூன்று வாரம் நிழலில் விட்டார்கள். பிரித்தபோது மேலே பச்சைப் பூசணம் படர்ந்திருந்தது. இழைப்புளியில் போகும் அளவுதான், இந்தக் கரைசல் பூசணத்தைத் தடுக்காது. கரைசலில் முக்கியெடுத்த பலகை மழையில் நனைந்தால் உப்பு கரைந்து வெளியேறிவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பலாவுக்கு மட்டும் இப்படிச் செய்தார்கள். தூங்குமூஞ்சியில் வெள்ளையை அறுத்துத் தள்ளிவிட்டோம் என்ற நினைப்பில் அதை முக்காமல் விட்டார்கள். இது தவறு என்பது ஜூனில் தெரிந்தது.

சமையலறைச் சாமான்களுக்கென ஒதுக்கிய வேம்பையும் பலாத் துண்டுகளையும் கரைசல் பக்கமே கொண்டுபோகவில்லை. அவற்றை ரம்பத்தில் அறுக்காமல் ஆப்பு வைத்துப் பிளந்து, நார் கைப்பிடியின் நெடுக ஓடும்படி முப்பது அகப்பை ஈரத்திலேயே செதுக்கினார்கள். ஒரு மணி நேரம் தண்ணீரில் வேகவைத்துச் செய்தித்தாளில் சுற்றி நிழலில் வைத்தார்கள். மூன்று வாரத்தில் காய்ந்தன. மூன்று மட்டும் வெடித்தன. மூன்றிலும் கிளையின் நடுமையம் இருந்தது.

அடுக்கு

2019 ஜனவரி 10 அன்று அடுக்கினார்கள். தகரக் கொட்டகையில் ஹாலோ பிளாக் வைத்து ஒன்றரை அடி உயர்த்தி, மட்டம் பார்த்து மூன்று கட்டைகளைக் குறுக்கே போட்டார்கள். ஒவ்வொரு பலகை வரிசைக்கும் இடையில் ஓரங்குலத்துக்கு ஓரங்குலம் காய்ந்த ரீப்பர் (மரச்சட்டம்), 16 அங்குலத்துக்கு ஒன்று. ரீப்பர்கள் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஒன்று விலகினால் அந்த இடத்தில் பலகை தொய்ந்து, தொய்ந்தபடியே காய்ந்துவிடும். பிறகு யாராலும் நிமிர்த்த முடியாது. கடைசி ரீப்பர் முனையோடு முனையாக இருக்க வேண்டும். ரீப்பர் ஈரமாக இருந்தால் அது பட்ட இடமெல்லாம் குறுக்குப் பட்டையாகக் கறை விழும். அடுக்கின் மேல் பழைய கருங்கல் பலகைகளை ஏற்றினார்கள்.

இளையவர் வைத்த ஒரு ஏற்பாடு குறிப்பிடத்தக்கது. அடுக்கின் மேல்வரிசையில் தரம் குறைந்த பலகைகளை வைத்தார். வெளிக்காற்றை முதலில் வாங்கும் வரிசை அதுதான், கெட்டால் அது கெடட்டும் என்று.

கொட்டகையின் மேற்குப்பக்கம் திறந்திருந்தது. ஜனவரி, பிப்ரவரியில் அது நன்மையாகவே இருந்தது. ஏப்ரல் வெயிலில் 3 அங்குலப் பலகை இரண்டிலும் முகத்தில் நாரோடு ஓடும் கீறல்கள் தோன்றின. கனமான கட்டையில் மேல்தோல் விறைத்து, உள்ளே ஈரம் தேங்கி நிற்கும் நிலை அது. கீறலைக் கண்ட அன்றே மேற்குப்பக்கம் சாக்குப் படுதா தொங்கவிட்டார்கள். கீறல் கால் அங்குல ஆழத்தோடு நின்றது. ஆடிக் காற்றுக்கு முன் படுதா கட்டியது நல்லதாயிற்று. அந்த வறண்ட மேல்காற்று நேராக அடித்திருந்தால் இரண்டு பலகையும் பிளந்திருக்கும்.

தராசு சொன்னது

அங்குலத்துக்கு ஓராண்டு என்று பலரும் சொல்லும் கணக்கு குளிர்நாட்டுக் கணக்கு. புதுக்கோட்டை வெயிலுக்கு அது பொருந்தாது. மூத்த சிற்பிக்கே தட்டிப் பார்த்து, கன்னத்தில் வைத்துக் குளிர்ச்சி பார்த்துச் சொல்லும் பழக்கம் உண்டு. அதை மதித்தபடியே இளையவர் தராசைக் கொண்டுவந்தார்.

ஒன்றரை அங்குலப் பலாப் பலகை ஒன்றின் நடுவிலிருந்து 16 அங்குல நீளத்துக்கு மாதிரித் துண்டு ஒன்று எடுத்தார்கள். அதன் பக்கத்திலேயே ஓரங்குல நீளத்துக்கு ஒரு வில்லை. வில்லை எடுத்த உடனே எடை போட்டால் 203 கிராம். வீட்டு மின்அடுப்பில் 100 முதல் 105 டிகிரியில், எடை மாறாமல் நிற்கும்வரை ஒரு நாள் முழுக்க வைத்து எடுத்தால் 113 கிராம். போன நீர் 90 கிராம். அதை உலர்ந்த எடையான 113ஆல் வகுத்தால் ஈரம் கிட்டத்தட்ட 80 சதவீதம். மாதிரித் துண்டின் ஈர எடை 3,240 கிராம், அதை 1.796ஆல் வகுத்தால் உலர்ந்த எடை 1,804 கிராம் என்று வந்துவிடுகிறது. வேலைக்குத் தயார் என்று கொள்ளும் 12 சதவீத ஈரத்தில் அந்தத் துண்டு 2,020 கிராம் இருக்க வேண்டும். இனி ஈரமானி தேவையில்லை, தராசு போதும். மாதிரித் துண்டைக் கரைசலில் முக்கவில்லை. உப்பின் எடை கணக்கைக் குழப்பும். முனை மெழுகிட்டு மற்றவற்றோடு சேர்த்தே சுற்றிவைத்து, பிறகு அடுக்கின் நடுவில் செருகி, வாரம் ஒருமுறை உருவி எடை போட்டார்கள்.

ஜனவரி 10 அன்று 3,220. ஜனவரி இறுதியில் 2,940, அதாவது 63 சதவீதம். பிப்ரவரி இறுதியில் 2,560, மார்ச் இறுதியில் 2,270. ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை மரம் சுருங்குவதே இல்லை. நார்க்குழல்களில் தேங்கிய நீர்தான் அதுவரை போகிறது. மார்ச்சில் 26க்கு வந்ததும்தான் உண்மையான ஆபத்துக் காலம் தொடங்கியது. ஏப்ரல் இறுதியில் 2,110, மே இறுதியில் 2,040, ஜூலை நடுவில் 2,010. 11.4 சதவீதம். ஒன்றரை அங்குலப் பலா அடுக்கிய நாளிலிருந்து ஆறு மாதத்தில் தயார்.

ஈரமானியும் ஒன்று வாங்கினார்கள். ஜூனில் 3 அங்குலப் பலகையின் முகத்தில் ஊசியைக் குத்தியபோது 14 காட்டியது. மகிழ்ச்சியாக எடுத்து வேலையில் போடவிருந்தவரை மூத்தவர் நிறுத்தி, ஓரத்திலிருந்து ஒரு துண்டு குறுக்கே அறுக்கச் சொன்னார். புதிதாக அறுபட்ட முகத்தின் நடுவில் குத்தினால் 26. மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் கட்டையை ஒருபக்கம் ஆழமாகச் செதுக்கினால், அன்றிரவே அது வில்லாக வளையும். அந்தப் பலகைகள் நடுவில் 14க்கு வந்தது 2020 பிப்ரவரியில்தான். இடையில் வந்த மழைமாதங்களில் ஈரம் குறையவே இல்லை, ஒரு வாரம் ஏறவும் செய்தது.

ஈரத்திலேயே செதுக்கிய நான்கு பிள்ளையார்கள்

அரைவட்டத் துண்டுகள் நான்கும் எட்டுப் பத்து அங்குலக் கனம். முழுதாகக் காயவிட்டால் மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும், அதற்குள் வெடித்தும் விடும். எனவே ஈரத்திலேயே உருவம் இறக்குவது என்று முடிவானது. ஈர மரத்தில் உளி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும், கொட்டாப்புளிக்குப் பாதி வேலைதான். எல்லாப் பக்கமும் அரை அங்குலம் கூட விட்டு முரட்டு வடிவம் இறக்கி, வேலை நின்ற நேரமெல்லாம் ஈரச்சாக்கால் மூடிவைத்தார்கள்.

முதல் இரண்டையும் பின்புறமிருந்து குடைந்தார்கள். நடுமையம் முழுவதும் போய், எங்கும் ஒன்றரை முதல் இரண்டு அங்குலச் சுவர் மட்டும் நிற்கும்படி. சுவர் எங்கும் ஒரே கனமாக இருப்பதுதான் இதில் முக்கியம். காது மெலிந்து வயிறு கனத்தால் காதோரம் கிழியும். குடைந்தவற்றைக் காய்ந்த மரச்சீவலோடு காகிதப் பையில் போட்டு, வாரம் ஒருமுறை எடை பார்த்து, ஈரமான சீவலை மாற்றினார்கள். இரண்டும் ஜூலைக்குள் ஒரு கீறலும் இல்லாமல் காய்ந்தன.

மற்ற இரண்டும் ஒரு வீட்டுப் பூஜை அறைக்குச் சொல்லி வைத்தவை. குடைவதற்கு வாடிக்கையாளர் சம்மதிக்கவில்லை. "ஐயா, சுவத்துல மாட்டுறதுன்னா நீங்க எப்படி வேணா செய்யுங்க. கும்பிடுற சாமி உள்ள கூடா இருக்கக் கூடாது" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சிற்பியும் அந்த மரபுக்காரர்தான், மறுத்துப் பேசவில்லை. முதுகுப்புறம் மையம் இருந்த 2 அங்குலத்தைச் சீவிவிட்டு, மீதி 8 அங்குலக் கனத்தை அப்படியே வைத்துச் செதுக்கினார். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் இரண்டும் வெடித்தன. ஒன்றில் துதிக்கையை ஒட்டி வயிற்றில் கால் அங்குல அகலம், 3 அங்குல ஆழம். மற்றதில் இடது தோளிலிருந்து முழங்கால் வரை.

மையத்தை எடுத்தும் ஏன் வெடித்தது என்பதைச் சொல்ல வேண்டும். மேல் அங்குலம் 25 சதவீதத்துக்கு வந்து சுருங்கத் தொடங்கியபோது, நடுவில் இருந்த ஆறு அங்குலம் இன்னும் 60, 70இல் ஊதி நின்றது. இறுகும் சட்டைக்குள் குறையாத உடம்பு. மையத்தை எடுப்பது ஒருவகை வெடிப்பைத்தான் தவிர்க்கும். கனம் உண்டாக்கும் வெடிப்புக்கு மருந்து கனத்தைக் குறைப்பது ஒன்றே.

பின்னமான உருவத்தை வழிபாட்டுக்குக் கொடுக்க முடியாது. வாடிக்கையாளரிடம் நேரில் போய் உண்மையைச் சொன்னார்கள். அவருக்கு அடுத்த ஆண்டு, நன்றாகக் காய்ந்த 3 அங்குலப் பலகையில் அமர்ந்த கோலத்தைப் புடைப்பாகச் செதுக்கிக் கொடுத்தார்கள். பின்பக்கம் குடைவும் இல்லை, வெடிப்பும் இல்லை. வெடித்தவற்றில் வயிறு வெடித்ததை அலங்காரச் சிலையாகக் காப்பாற்ற முடிந்தது. வெடிப்பை உடனே அடைக்காமல் டிசம்பர் வரை விட்டார்கள். உள்மரம் காயக் காய வெளிவெடிப்பு தானாகவே ஓரளவு மூடும். அதற்கு முன் ஆப்பு அடித்தால் மூடவரும் மரத்தை ஆப்பு தடுத்து, வேறிடத்தில் பிளக்கும். கால் அங்குலம் இருந்தது ஒரு நூலுக்கும் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) குறைவாகச் சுருங்கியபின், அதே மரத்தின் சீவலை நார் ஒத்துப்போகும்படி சீவி, பசையிட்டுச் செருகினார்கள்.

ஜூனில் வந்த பவுடர்

ஜூன் இரண்டாம் வாரம் தூங்குமூஞ்சி அடுக்கின் கீழ் ரீப்பரில், முகத்துக்குப் பூசும் பவுடர்போல் நைசான தூள் சிறு குவியல்களாக விழுந்திருந்தது. துடைத்துவிட்டு மறுநாள் பார்த்தால் மறுபடியும் அதே இடத்தில். பலகையின் ஓரத்தில் ஒன்று, ஒன்றரை மி.மீ. அளவில் துளைகள். விரல்நகத்தால் அழுத்தினால் மேல்தோல் உடைந்து, உள்ளே முழுவதும் மாவு.

வெள்ளைப் பகுதியை எடுத்துவிட்டதாக நினைத்த பலகைகளில், ஒருபக்க ஓரத்தில் ஓரங்குலமோ அதற்கு மேலோ விட்டுப்போயிருந்தது. பட்டறையில் இருந்த டிங்க்சர் அயோடினை ஓரத்தில் தொட்டு வைத்துப் பார்த்தார்கள். வைரத்தில் அதன் சொந்தப் பழுப்பு நிறமே நின்றது. வெள்ளையில் சில நிமிடத்தில் கருநீலமானது. மாவுச்சத்து இருக்கும் இடத்தை அது விரல் வைத்துக் காட்டியது.

காய்ந்த மரத்தில் இப்போது கரைசலைத் தூரிகையால் அடித்தால் ஓரிரு மி.மீ.க்கு மேல் இறங்காது, புழு அதற்கும் ஆழத்தில் இருக்கும். எனவே பத்துப் பலகையிலும் வெள்ளையை வைரம் தொடும்வரை அறுத்து அன்றே எரித்தார்கள். இரண்டு பலகைகளில் வெள்ளை பாதிக்கு மேல் இருந்ததால் அவை முழுவதும் போயின. மீதியைப் பலாவிலிருந்து தள்ளி வேறு கொட்டகையில் வைத்து, கீழே கறுப்புத் துணி விரித்தார்கள், புதுத் தூள் விழுந்தால் தெரியட்டும் என்று. அதன்பின் விழவில்லை.

கணக்கு முடிந்தபோது

இரண்டு அடிமரமும் சேர்த்து 45 கன அடி. மில்லில் இருந்து இறங்கியது 23. காய்ந்து, குறை நீக்கி, வேலைக்கு நின்றது 17. பலகையாக ஆகாத புறத்துண்டுகளும் நடுத்துண்டும் விறகானதைக் குறை சொல்ல முடியாது. 23க்கும் 17க்கும் இடையில் போன ஆறில் பெரும்பகுதி தவிர்த்திருக்கக்கூடியது: முக்காமல் விட்ட வெள்ளை, குடையாமல் விட்ட இரண்டு சிலை. முனை அடைக்காமல் போன 16 அங்குலம் இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை; அது மில்லுக்குப் போகுமுன்பே போய்விட்டது.

பலாப் பலகையில் செய்த முகப்புகளில் இரண்டு சென்னையில் ஒரு குளிர்சாதன வீட்டுக்குப் போயின. பட்டறையில் 12 சதவீதத்தில் இருந்த பலகை அந்த அறையில் 9க்கு இறங்கும். 18 அங்குல அகலத்தில் அது சுமார் 3 மி.மீ. சுருக்கம். பெரிய முகப்பைச் சட்டத்தின் காடியில் (பள்ளத்தில்) பசையில்லாமல் மிதக்கவிட்டிருந்தார்கள், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. சிறியதை அங்கே பொருத்தியவர் நான்கு பக்கமும் ஆணி அடித்துவிட்டார். நான்கே மாதத்தில் நடுவில் பிளந்தது. காயவைத்ததில் எந்தக் குறையும் இல்லாத பலகை அது.

இனி மாற்றிச் செய்வது

வேர் பாதி மண்ணில் இருக்கும் மரத்தை, மில்லில் நாள் குறித்த பிறகே வெட்டுவது. தோட்டக்காரருக்கு வழி வேண்டுமென்றால் கிளையைக் கழித்துக் கொடுத்து, அடிமரத்தை வேரோடு விடச் சொல்வது. முறிந்த மரத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. அதை முதலில் எடுத்து, பட்டை உரித்து, நிழலில் தூக்கி வைக்க வேண்டும்.

செயின் சாவோடு மெழுகு டின்னும் மரத்தடிக்கே போக வேண்டும். அறுத்த முனை அரை மணி நேரத்தில் அடைபட வேண்டும், மாலைவரைகூடக் காத்திருக்கக் கூடாது. கட்டையை வேண்டிய நீளத்தைவிட ஓரடி கூட வைத்து அறுப்பது.

எந்த மரமானாலும் சமையலறைக்குப் போகாத எல்லாப் பலகையையும் கரைசலில் முக்குவது. வெள்ளை போய்விட்டதா என்பதைக் கண்ணால் தீர்மானிக்காமல் அயோடின் தொட்டுப் பார்ப்பது.

3 அங்குலத்துக்கு ஒரு மாதிரித் துண்டு, ஒன்றரைக்கு ஒன்று எனக் கனத்துக்கு ஒன்றாக எடை பார்ப்பது. இந்தமுறை ஒன்றரைக்கு மட்டும் எடுத்ததால், கனமான பலகை விஷயத்தில் ஈரமானியை நம்பி ஏமாற இருந்தார்கள்.

வழிபாட்டு உருவத்துக்குப் பச்சைக் கட்டையில் சொல் வாங்குவதில்லை என்று மூத்த சிற்பி முடிவுசெய்திருக்கிறார். கேட்டு வருபவரிடம் காய்ந்த பலகையைக் காட்டி, அதன் கனத்துக்குள் அடங்கும் உருவத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறார். தோளில் வெடித்த பிள்ளையார் பட்டறையின் உள்சுவர் ஓரத்தில் இருக்கிறது. மார்ச்சிலும் செப்டம்பரிலும் இளையவர் வெடிப்பின் அகலத்தை அளந்து, அதன் முதுகிலேயே பென்சிலால் தேதியோடு எழுதிவருகிறார்.